பதில்: கொலனேட், ஆர்கேட் – தூண்வரிசை மட்டும் போதுமா?

> கொலனேடுக்குத் 'தூண்வரிசை' போதும். ஆர்கேடுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா. கொலனேட் (colonnade), ஆர்கேட் (arcade) என்ற ஆங்கிலக் கட்டடக்கலைச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ஆர்கேடுக்கும் அதையேவா? அங்கேதான் இடிக்கிறது.

கொலனேடுக்கே அது முழுதாகப் போதாது. தூண்வரிசை என்றால் தூண்கள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். சுவரோடு ஒட்டி அழகுக்கு நிறுத்தினாலும் தூண்வரிசைதான். லண்டன் ரீஜன்ட் தெருவைப் பாருங்கள். 1813இல் சட்டம் போட்டு, கட்டடக்கலைஞர் ஜான் நாஷ் வகுத்த கடைத்தெரு. பிக்கடிலி அருகே தெரு வளைந்து திரும்பும் பகுதிக்குக் குவாட்ரன்ட் என்று பெயர். இருபுற நடைபாதைக்கும் மேலே கூரை, அதைத் தாங்க வார்ப்பிரும்புத் தூண்கள். மழையில் நனையாமல் கடை கடையாகப் பார்த்துக்கொண்டே போகலாம், மாடியில் குடியிருந்தவர்களுக்கோ அந்தக் கூரையே உலாவும் இடம். ஆனால் கடைக்குள் இருட்டு. வெளிச்சம் வரவில்லை, வேண்டாத ஆட்கள் ஒதுங்குகிறார்கள் என்று கடைக்காரர்கள் புகார் சொல்லிச் சொல்லி 1848இல் மொத்தத்தையும் அகற்றிவிட்டார்கள். சண்டை தூணைப் பற்றியதல்ல, தூணுக்கும் கடைக்கும் நடுவிலிருந்த இடத்தைப் பற்றியது. அந்த இடத்துக்குப் பெயர் வேண்டாமா?

அதனால் அப்படி நடக்க இடமுள்ள கொலனேடுக்குத் 'தூண்நடை' என்கிறேன். வீட்டில் நடை என்று சொல்கிறோமே, அதேதான். தாழ்வாரம் என்றால் சரிந்து இறங்கும் கூரைதான் மனதில் வருகிறது, ஒட்டாது.

ஆர்கேடில் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. பாரிஸின் ரிவோலி தெருவில் நடைபாதையோரம் வரிசையாக வளைவுகள், அது 'வளைவுநடை'. லண்டனின் பர்லிங்டன் ஆர்கேட் (1819), மிலானில் மெங்கோனி வடிவமைத்து 1867இல் திறந்த கலேரியா இவையெல்லாம் தெருவோர நடையே அல்ல. இருபுறமும் கடைகள், மேலே கண்ணாடி, தெருவே கட்டடத்துக்குள் வந்துவிட்டது. 'கூரைத்தெரு' சரியாக இருக்கும். வணிக வளாகம் வேண்டாம், அதை ஏற்கெனவே மால்கள் எடுத்துக்கொண்டன.

அப்புறம், 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குவாட்ரன்டைத் திரும்பக் கட்ட கட்டடக்கலைஞர் நார்மன் ஷா போட்ட திட்டத்தில் கனமான கல் வளைவுகள் இருந்தன, கண்ணாடி ஜன்னல் சிறுத்துவிடும் என்று கடைக்காரர்கள் மறுபடியும் மல்லுக்கு நின்றார்கள். அவை சுவரோடு சேர்ந்த வளைவுகள், அடியில் நடக்க இடமில்லை. ஆகவே அங்கே 'வளைவுவரிசை' என்றே எழுதவேண்டும். வரிசையையும் நடையையும் பிரித்து வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இலக்கணப்படி 'தூணடை' என்று புணர்த்தச் சொல்லி யாரும் கிளம்பவேண்டாம், படிப்பவர் 'தூண் அடை' என்று பிரித்துவிடுவார். இயல்பாகவே விடுவோம்.