மேல்வீட்டு பாத்ரூம், நம்ம வீட்டு சீலிங்: ப்ளம்பிங் தலைவலி அனுபவங்கள சொல்லுங்க

ரெண்டாவது மாடி:
இது நடந்து ஒரு வருஷம் ஆச்சு, ஆனா சாப்பிட உக்காரும்போதெல்லாம் தலை தானா மேல போகுது, அதான் எழுதுறேன். மேடவாக்கம் பக்கம் அப்பார்ட்மெண்ட். எங்க டைனிங் டேபிளுக்கு நேர் மேல மூணாவது மாடிக்காரங்க பாத்ரூம் (பில்டர் புண்ணியம்). மொதல்ல மஞ்சளா ஒரு வட்டம், அப்புறம் பெயிண்ட் உப்புச்சு, அப்புறம் சொட்ட ஆரம்பிச்சிருச்சு. மேல போய் சொன்னா அந்த வீட்டு அம்மா, 70 வயசு இருக்கும், "எங்க பாத்ரூம் காஞ்சு கெடக்கு, வேணா வந்து பாருங்க"ங்கிறாங்க. மூணு மாசம் இதே பேச்சு. செக்ரட்டரி நைசா நழுவிட்டார். கடைசில ஒரு ப்ளம்பர் அண்ணன் "சண்டை எதுக்கு சார், ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கிட்டு வாங்க"ன்னார். மேல பாத்ரூம் ஓட்டைய துணி வச்சு அடைச்சு ரெண்டு பக்கெட் நீலத் தண்ணி நிறுத்தி, அப்புறம் துணிய எடுத்து விட்டாரு. நான் அந்தம்மாவ கீழ கூட்டிட்டு வந்து காபி குடுத்து உக்கார வச்சேன். 40 நிமிஷம் ஒண்ணும் இல்ல. அவங்க முகத்துல லேசா ஒரு சிரிப்பு கூட வந்துச்சு. எந்திரிக்கப் போறாங்க, டொக்குன்னு ஒரு சொட்டு, நீலமா, அவங்க குடிச்சு வச்ச டபராவுலயே. ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு இருந்தோம். ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு மாடிப்படி ஏறிப் போயிட்டாங்க. நான் சொன்னதுதான் சரின்னு ஆச்சு, ஆனா ஜெயிச்ச மாதிரியே இல்லங்க.

ஓஎம்ஆர் உப்புத்தண்ணி:
உங்களுக்காவது சொட்டுற அளவுக்குத் தண்ணி இருந்துச்சு. 2019 கோடையில நாங்க லாரிக்கு தவம் கெடந்தோம், 12,000 லிட்டர் லாரி கேட்டுக்குள்ள திரும்பினா புள்ளைங்க கைதட்டுங்க. சரி கதைக்கு வரேன். கெய்சர்ல தண்ணி சூடாக அரை மணி நேரம், கரண்ட் பில் மட்டும் ஏறுது, ஏதோ கொர கொரன்னு சத்தம் வேற. மெக்கானிக் வந்து தண்ணிய சூடாக்குற கம்பிச் சுருள், அந்தக் காயில் (coil), அத உருவுறாரு, வரமாட்டேங்குது. காலால முட்டுக் குடுத்து இழுத்தாரு. வெளிய வந்தது காயில் இல்ல, முருங்கைக்கா கனத்துக்கு வெள்ளையா ஒரு கல்லு. தரையில ஒரு தட்டு தட்டினாரு, பொலபொலன்னு உதிருது, டேங்குக்குள்ள இருந்து கையால அள்ளி அள்ளிப் போட்டாரு, அரை பக்கெட். போர் தண்ணி டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்குற உப்பு அளவு, 1,900. அசோசியேஷன்ல கேட்டா "2,000 வரைக்கும் ஓகே சார், ஐஎஸ்ஐ-லயே இருக்கு"ன்னாங்க. ஏங்க, அது குடிக்கிற தண்ணிக்கு வேற வழியே இல்லாதப்போ கடைசி எல்லை, சாதாரணமா 500 தான். என் பையன் அந்தக் கல்ல ஒண்ணு எடுத்து ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சிருக்கான். அதப் பாத்தா எனக்கு என் கிட்னி ஞாபகம்தான் வருது.

பழைய சைட் ஆளு:
முதல் பதிவு போட்டவர் கோவிச்சுக்கக் கூடாது, நீலம் ஊத்துறது பாதி வேலைதான். நீலம் வந்தா டிரெயின், அதான் அழுக்குத் தண்ணி வெளிய போற குழாய், அந்தப் பக்கம் லீக், சரி. வரலன்னா மேல்வீடு நிரபராதின்னு அர்த்தமா? குழாய்க்கு நல்ல தண்ணி கொண்டு வர்ற சப்ளை பைப் லீக்ல நீலம் எங்கேர்ந்து வரும்? என் தம்பி வீட்ல, தாம்பரம், மூணு ப்ளம்பர் வந்து தரை டைல்ஸ் பூரா ஒடைச்சாச்சு. ஒண்ணும் கெடைக்கல. கடைசில டவல் ராடு லேசா ஆடுதேன்னு நான்தான் அந்த ஆணிய இழுத்தேன், சர்ர்ருன்னு தண்ணி நேரா என் கண்ணாடி மேல. ரெண்டு வருஷம் முன்னாடி அடிச்ச ஆணி, பைப்புக்குள்ள போய் அதுவே கார்க் மாதிரி அடைச்சுக்கிட்டு சுத்தி கசிஞ்சிட்டு இருந்திருக்கு. அத அடிச்சது நான்தான்னு தம்பிகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல.
அதனால எல்லாரும் கேட்டுக்கோங்க. 24 மணி நேரமும் ஒரே மாதிரி சொட்டினா சப்ளை லைன். குளிக்கும்போதும் அதுக்கப்புறமும் மட்டும் சொட்டினா டிரெயின் இல்லன்னா டைல்ஸ் இடுக்கு. வால்வ மூடிட்டு ராத்திரி பூரா விட்டுப் பாருங்க, சொட்டு நின்னா சப்ளை லைன்தான், சந்தேகமே இல்ல. நீலம் 40 நிமிஷத்துல எறங்கிருச்சுன்னா அது நஹானி டிராப் (தரை ஓட்டைக்குக் கீழ தண்ணி தேங்கி நின்னு நாத்தத்த தடுக்குற வளைவு) ஜாயிண்ட்தான், டைல்ஸ் இடுக்கு வழியா போனா சங்கன் ஸ்லாப்ல (பாத்ரூமுக்காகப் பள்ளமா எறக்கிப் போட்ட தளம்) போட்ட செங்கல் ஜல்லியெல்லாம் ஊறி எறங்க நாள் கணக்காகும். புது வீடு கட்டுறவங்க, சங்கன் பகுதிக்கு வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சதும் தண்ணி கட்டி 48 மணி நேரம் நிறுத்திப் பாக்காம மேல வேலைய விடாதீங்க. சுவத்துக்குள்ள பைப் பதிச்சதும் பூசுறதுக்கு முன்னாடி டேப் வச்சு அளவோட போட்டோ எடுங்க. கெய்சர் லைன்ல வெள்ளை யுபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டா சூட்டுல வளையும், அங்க சூடு தாங்குற சிபிவிசி தான், லேசா சந்தன கலர்ல இருக்கும். மொட்டை மாடில வெயில்ல ஓடுற பைப்புக்கு ஒரு கோட்டு பெயிண்டாவது அடிங்க, இந்த ஊர் வெயிலுக்கு நாலஞ்சு வருஷத்துல அப்பளம் மாதிரி நொறுங்கும். இன்னும் இருக்கு, அப்புறம் எழுதுறேன்.

பெரும்பாக்கம் பொண்ணு:
மேல உள்ள சார், யாரும் கேக்கலயே 🙂
என்னோடது சின்ன கதை. அம்மா வீட்ல டேங்க் காலியாகி மறுபடி ஏத்தினோம், எல்லா குழாயிலயும் வருது, கிச்சன்ல மட்டும் கர்ர்ருன்னு இருமிட்டு நின்னுருச்சு. ப்ளம்பர் வந்து பாத்துட்டு "பைப் அடைச்சிருக்கு, சுவத்த ஒடைக்கணும், 6,000 ஆகும்"னுட்டு வந்ததுக்கு 500 வாங்கிட்டுப் போயிட்டார். எதிர் அப்பார்ட்மெண்ட் வாட்ச்மேன் தாத்தா இதக் கேட்டுட்டு ஒரு ஹோஸ் கொண்டு வந்தார். மோட்டார் லைன்ல தோட்டத்துக்கு ஒரு குழாய் இருக்கும்ல, அதுல ஒரு முனை, கிச்சன் குழாய்ல இன்னொரு முனை, துணியால இறுக்கிக் கட்டி மோட்டார் போடச் சொன்னார். பத்து எண்றதுக்குள்ள மாடில டேங்குல குபுகுபுன்னு சத்தம். ஹோஸ கழட்டினா தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஏர் லாக், பைப்புக்குள்ள காத்து மாட்டிக்கிச்சு, அவ்ளோதான். தாத்தாவுக்கு அம்மா ஒரு டீ குடுத்தாங்க. வெறும் டீ. ப்ளம்பருக்கு 500, அவருக்கு டீ. அடுத்த தடவை போனப்ப அவர் அங்க வேலைல இல்ல.

வேப்பமரத்தடி:
எங்க தெருவுல இன்னும் பாதாள சாக்கடை வரல, செப்டிக் டேங்க்தான். டாய்லெட் எதுத்துக்கிட்டு வந்துருச்சு, ஹவுஸ் ஓனர் ஒரு ஆள கூட்டிட்டு வந்தார். அந்த ஆளு சேம்பர் மூடிய தூக்கி மூங்கில் பிளாச்ச விட்டுக் குத்திப் பாத்தாரு, போகல. ஓனர் "எறங்கிரு பா, 500 சேத்துத் தரேன்"னார். அந்த ஆளு ஒண்ணும் சொல்லாம சட்டை பட்டன கழட்ட ஆரம்பிச்சிட்டாரு. அந்தப் பட்டன்தாங்க எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. நான் கத்திட்டேன், 2013 சட்டம் இருக்கு, ஆள எறக்குனா ஜெயில், உள்ள கேஸ் அடிச்சா ரெண்டு நிமிஷம் தாங்காதுன்னு. ஓனர் ஒரு வழியா அடங்கி கழிவுநீர் லாரிக்கு போன் பண்ணார். வேகமா தண்ணி பீச்சி ஜெட் அடிச்சப்ப வந்தது பூரா வேப்ப வேரு, பின்னல் சடை மாதிரி ரெண்டடி நீளத்துக்கு. அந்த ஆளு கிளம்பும்போது என்கிட்ட வந்து "அப்ப அந்த 500 யாரு சார் தருவா"ன்னார். குடுத்தேன். வாங்கிக்கிட்டாரு, ஆனா என்னைப் பாத்த பார்வை மாறல.

கிரவுண்ட் ஃப்ளோர்:
வேப்பமரத்தடி சார், மரத்த வெட்டிருங்க. வேர் இருக்குற வரைக்கும் இது திரும்பத் திரும்ப வரும்.

வேப்பமரத்தடி:
மரம் என்ன பண்ணும்? ஜாயிண்ட் ஒழுங்கா இருந்தா வேருக்கு அங்க என்ன வேலை, கசியுற எடத்தத் தேடித்தானே வருது. நான் எழுதினது மரத்தப் பத்தியும் இல்ல.

பழைய சைட் ஆளு:
கரெக்ட். பழைய சிமெண்ட் குழாய் ஜாயிண்டா இருக்கும், மாத்திருங்க. சேம்பருக்கு சேம்பர் சரிவும் பாருங்க...

ரிட்டயர்டு வாத்தியார்:
நாலு மாசம் பொண்ணு வீட்ல இருந்துட்டு வந்தோம். கதவத் தெறந்தா செத்த எலி நாத்தம். பீரோவெல்லாம் நகட்டியாச்சு, வீட்டுக்காரம்மா என்கூட ரெண்டு நாள் பேசல, நான்தான் எதையோ சமையக்கட்டுல விட்டுட்டுப் போனேனாம். மூணாம் நாள் பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனா நாத்தம் போச்சு! டிராப்ல நிக்கிற தண்ணி வெயில்ல காஞ்சு போயிருக்கு, சாக்கடை வாசம் நேரா வீட்டுக்குள்ள. இப்ப ஊருக்குப் போகும்போது டிராப்ல தண்ணி ஊத்தி மேல ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுட்டுப் போறேன், சீக்கிரம் காயாது. நல்லெண்ணெய எடுத்தேன்னு அதுக்கும் திட்டு.

ரெண்டாவது மாடி:
சைட் ஆளு சார் சொன்னது சரிதான், டிராப் ஜாயிண்ட்தான். ஒடைச்சு மாத்துனாங்க, செலவு முழுக்க அந்தம்மாவே குடுத்துட்டாங்க, நான் பாதி தரேன்னேன், வாங்கல. அதுக்கப்புறம் பேச்சு இல்ல. போன வாரம் லிஃப்ட்ல ரெண்டு பேர் மட்டும். நம்பரையே பாத்துட்டு இருந்தாங்க. எங்க மாடி வந்து நான் எறங்கும்போது "காஞ்சிருச்சா?"ன்னாங்க. காஞ்சிருச்சும்மான்னேன். கதவு மூடிருச்சு. பெயிண்ட் இன்னும் அடிக்கல.