இருவருக்கும் ஒரே எடை. சர்க்கரை மட்டும் எனக்கு ஏன்?

மஞ்சக்குப்பம் வாசி:
எனக்கு வயது 52, என் மனைவிக்கு 47. இருவரும் 68 கிலோ. என் உயரம் 168 செ.மீ., அவர் உயரம் 156 செ.மீ. என்பதால், உடல் நிறைக் குறியீட்டின்படி அவர்தான் (28) என்னைவிட (24) பருமனானவர். வீட்டில் ஒரே உலைச் சோறு, ஒரே சட்டி மீன்குழம்பு. ஆயினும் வெறும் வயிற்றுச் சர்க்கரை எனக்கு 118, அவருக்கு 91. மருத்துவரிடம் கேட்டபோது, கொழுப்பும் ஹார்மோன் சுரக்கும் என்றும், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும் என்றும் சொன்னார். கொழுப்பு என்பது சேமிப்பு மூட்டைதானே, அது எப்படிச் சுரக்கும்? என் கால்சட்டை அளவு இன்றும் 34 அங்குலம்தான்.

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கொழுப்பை வெறும் மூட்டையாகத்தான் நாங்களும் ஒரு காலத்தில் கற்பித்தோம். 1994இல், கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் கண்டறியப்பட்ட பிறகு அந்தப் பாடம் மாறிவிட்டது. உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பில் உள்ளது என்று மூளைக்குத் தெரிவிப்பது லெப்டின். அதைத் தோலடிக் கொழுப்பு மிகுதியாகவும், குடலைச் சுற்றியுள்ள உள்கொழுப்பு குறைவாகவும் சுரக்கின்றன. பெண்களுக்குத் தோலடிக் கொழுப்பு அதிகம். அதோடு ஈஸ்ட்ரோஜன் லெப்டினைக் கூட்டும், டெஸ்டோஸ்டிரோன் குறைக்கும். ஆகவே ஒரே பருமனுள்ள ஆணைவிடப் பெண்ணின் இரத்தத்தில் லெப்டின் இரண்டு மூன்று மடங்குகூட இருக்கும்.

உங்கள் கேள்விக்கு நெருக்கமானது அடிப்போநெக்டின் என்னும் மற்றொரு ஹார்மோன். இன்சுலின் சரியாக வேலை செய்வதற்கு இது துணை நிற்கிறது. விந்தை என்னவென்றால், கொழுப்புத் திசுவிலேயே பிறக்கும் இது, கொழுப்பு பெருகப் பெருக, அதிலும் வயிற்றினுள் பெருகும்போது, குறைந்துகொண்டே போகிறது. டெஸ்டோஸ்டிரோனும் இதை அடக்குவதால் ஆண்களுக்கு இயல்பிலேயே குறைவு. போதாக்குறைக்கு, வயிற்றினுள் உள்ள கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களும் அழற்சிப் பொருள்களும் போர்ட்டல் சிரை என்னும் இரத்தக் குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குச் சென்று, அங்கே இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் படியும் கொழுப்போ, வாங்கியதை எளிதில் வெளியே விடாமல் பூட்டி வைத்துக்கொள்கிறது. உங்கள் மனைவியின் எடையில் பெரும்பங்கு அங்கே இருக்கக்கூடும்.

கால்சட்டை அளவை நம்பாதீர்கள்; தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் யாருக்கும் 34தான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்து சொல்லுங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

கெடிலக்கரை:
ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெண்ணுக்குள்ள இந்தச் சலுகை நிரந்தரமானதன்று. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், தொடையில் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. எனக்கு 51 வயதில் நின்றது. எடை ஒரு கிலோகூட ஏறாமலேயே பழைய ரவிக்கைகள் இடுப்பில் பிடித்தன. ஒரு சந்தேகம்: லெப்டின் பசியை அடக்கும் என்றால், அது மிகுந்துள்ள எங்களுக்கு ஏன் பசிக்கிறது? பரிசோதனைக் கூடத்தில் லெப்டின் அளவு பார்க்கலாமா?

முத்தியால்பேட்டை ஆசிரியர்:
அம்மா, மாதவிடாய் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. லெப்டின் வெகுநாள் மிகுந்திருந்தால் மூளை அதற்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இன்சுலினுக்கு உடல் பழகிப்போவதைப் போலத்தான். அந்தப் பரிசோதனையால் உங்கள் சிகிச்சையில் எதுவும் மாறாது. அந்தப் பணத்துக்குத் தையல்காரரிடம் உள்ளதைப் போல ஒரு நாடா வாங்குங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி:
நீங்கள் சொன்னபடி அளந்தேன்: 97 செ.மீ. என் 34 அங்குலப் பெருமை போயிற்று. சிரித்துக்கொண்டே நாடாவை வாங்கித் தம்மையும் அளந்துகொண்ட என் மனைவிக்கு 84 வந்தது. இப்போது ஐயாவிடம் கேட்க அவருக்கும் கேள்விகள் இருக்கின்றனவாம்.