கீமோ, இம்யூனோதெரபி எடுத்தப்ப வயிறு என்ன பாடு பட்டுச்சு? சேலம், ஏற்காடு பக்கத்து ஆளுங்க எழுதுங்க

அம்மாபேட்டைக்காரன்:

எங்கப்பாவுக்கு கிட்னில கேன்சர், நுரையீரல் வரைக்கும் பரவிருச்சு, இப்ப நிவோலுமாப்ங்கற இம்யூனோதெரபி ட்ரிப் ஓடிட்டிருக்கு. முடி கொட்டல, பெருசா வாந்தி இல்ல, அதனால பாக்க வர்றவங்க எல்லாம் ஆளு நல்லாத்தான இருக்காருன்னு சொல்லிட்டு ஆளுக்கொரு டப்பாவ வச்சுட்டுப் போறாங்க. முள்ளு சீத்தா இலைப்பொடி, கருஞ்சீரக எண்ணெய், அப்புறம் பெங்களூர் மாமா வாங்கிட்டு வந்த ப்ரோபயாட்டிக் கேப்சூல், அதுல அம்பது பில்லியன் பாக்டீரியான்னு அட்டையில கொட்டை எழுத்துல போட்டிருக்கு. குடல் நல்லா இருந்தா எதிர்ப்பு சக்தி தானா ஏறும் மாப்ளன்னு மாமா அடிச்சுப் பேசறாரு.

எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டுக் கொண்டு போய் டாக்டர் டேபிள் மேல கொட்டிட்டேன். அவரு ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பிப் பாத்தாரு, பொடிங்க எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கினாரு, கேப்சூல் டப்பாவ மட்டும் கையில வச்சுக்கிட்டு "உங்க மாமா சொல்றது பாதி சரி"ன்னாரு. எனக்கு அந்தப் பாதி எதுன்னு தெரிஞ்சுக்கணும், உக்காந்து கேட்டேன்.

கீமோ மருந்து தானே போய் கேன்சர் செல்லக் கொல்லுது. இம்யூனோதெரபி அப்படி இல்ல, நம்ம டி செல்லுக்கு, அதாவது நோய எதுத்துச் சண்டை போடற வெள்ளையணுவுக்கு, கேன்சர் போட்டு வச்சிருக்கற பிரேக்க மட்டும் எடுத்து விடுது, அப்புறம் சண்டை போடறது நம்ம செல்லுதான். அந்த எதிர்ப்பு செல்லுங்க ஏராளமா குடலச் சுத்திக் கெடக்குதாம், அங்க இருக்கற பாக்டீரியாவோடயே தெனம் பழகி எதுக்குப் பொங்கணும் எதுக்கு அடங்கணும்னு கத்துக்குது. 2018ல சயின்ஸ் பத்திரிகைல ஒரே நேரத்துல மூணு ஆய்வு வந்துச்சு. அதுல ஒண்ணு பாரிஸ் பக்கத்துல இருக்கற குஸ்தாவ் ரூஸி ஆஸ்பத்திரியோடது. நுரையீரல், கிட்னி, மூத்திரப்பை கேன்சர்னு 249 பேர எடுத்துப் பாத்திருக்காங்க, இம்யூனோதெரபி ஆரம்பிக்கறதுக்கு முன்ன பின்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவங்களுக்கு மருந்து கம்மியாத்தான் வேலை செஞ்சிருக்கு. மருந்து நல்லா கேட்ட ஆளுங்களோட மலத்த எடுத்து, குடல்ல பாக்டீரியாவே இல்லாம வளத்த எலிக்குக் குடுத்தா எலிக்கும் மருந்து கேக்குது, கேக்காத ஆளோடத குடுத்தா கேக்கல. கேக்காத எலிக்கு அக்கர்மான்சியாங்கற ஒரு பாக்டீரியாவ மட்டும் சேத்துக் குடுத்ததும் மறுபடி கேட்டுச்சாம்.

அப்ப கேப்சூல் குடுக்கலாமேன்னு கேட்டேன். இங்கதான் மாமாவோட மீதிப் பாதி போச்சு. அமெரிக்காவுல மெலனோமாங்கற தோல் கேன்சருக்கு இம்யூனோதெரபி எடுத்தவங்ககிட்ட என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டுப் பாத்து 2021ல ஒரு ஆய்வு போட்டாங்க, அதுல தெனம் 20 கிராமுக்கு மேல நார்ச்சத்து சாப்பிட்டு, கடையில விக்கற ப்ரோபயாட்டிக் எதுவும் எடுக்காம இருந்தவங்கதான் ரொம்ப நாள் நோய் ஏறாம இருந்திருக்காங்க. எலிக்கு கடை ப்ரோபயாட்டிக் குடுத்துப் பாத்தப்பவும் இம்யூனோதெரபி கம்மியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா முழுசா மூடிட முடியாத கதை இது, ஏன்னா 2022ல எங்கப்பாவுக்கு வந்த அதே கிட்னி கேன்சருக்கு, ஜப்பான்ல வழக்கத்துல இருக்கற ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவ இம்யூனோதெரபியோட சேத்துக் குடுத்து நல்ல பலன் வந்திருக்கு, 30 பேரு மட்டும் இருந்த சின்ன ட்ரயல். அந்த பாக்டீரியா வேற, மாமா டப்பாவுல இருக்கறது வேற. டாக்டர் டப்பாவத் திருப்பிக் குடுத்துட்டு "களி சாப்பிடறாரா?"ன்னு கேட்டாரு, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ராகிக்களின்னா உசுரு, ஆனா வீட்டுல சீக்காளிக்கு ஆகாதுன்னு சொல்லி வெறும் அரிசிக்கஞ்சியா ஊத்திட்டிருந்தோம். ஐதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 பட்டியல்ல 100 கிராம் வெள்ளை அரிசில நார்ச்சத்து 3 கிராம்கூட இல்ல, ராகில 11 இருக்கு, கம்புலயும் அதே அளவு. இப்ப காலைல களியும் கீரைக்கடையலும், ராத்திரி பச்சைப்பயறு ஏதாச்சும். மருந்து கேக்குதா இல்லையாங்கறத ஸ்கேன்தான் சொல்லணும், களிய வச்சு நான் எதுவும் முடிவு கட்டல. மத்தவங்க வீட்டுல எப்படி?

நாகலூர் காப்பித்தோட்டம்:

எங்கம்மாவுக்கு பெருங்குடல்ல. ஆபரேஷன் முடிஞ்சு, அப்புறம் லிவர்ல தெரிஞ்சதும் இரினோடிகன்னு ஒரு கீமோ போட்டாங்க. அந்த மருந்தப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், ஏற்காடு மலை ரோட்டுல இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, அம்மாவுக்கு எந்த வளைவுல வண்டிய ஓரங்கட்டலாம், எங்க ஒதுங்க புதர் இருக்குன்னு எல்லாம் எனக்கு அத்துப்படி. கீமோ அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு ஆரம்பிச்சா தண்ணி தண்ணியா போயிட்டே இருக்கும், பொடவைய நனைச்சுக்கிட்டு அழுவாங்க, பெத்த புள்ள முன்னாடியே கூச்சப்படறாங்கன்னு நெனச்சு எனக்கு மனசு ஒடஞ்சு போகும்.

ஏன் ரெண்டு நாள் கழிச்சு வருதுன்னு வார்டுல ஒரு டாக்டர் பொண்ணு நல்லா வெளங்கற மாதிரி சொல்லிச்சு. லிவரு அந்த மருந்து மேல ஒரு சர்க்கரைத் துண்ட ஒட்டி, நமத்துப் போன பட்டாசு மாதிரி ஆக்கி பித்தத்தோட குடலுக்கு அனுப்பிடுதாம். குடல் பாக்டீரியா சிலதுக்கு அந்த சர்க்கரை வேணும், ஒரு என்சைம வச்சு அத வெட்டித் தின்னுடுது, பட்டாசு மறுபடி காஞ்சு குடலுக்குள்ளயே வெடிக்குது. அந்த என்சைம மட்டும் அடக்கற மருந்த எலிக்குக் குடுத்துப் பாத்து பேதி கொறஞ்சிருக்கு, 2010லயே. ஆளுங்களுக்கு இன்னும் கடையில வரல.

எங்களுக்கு அந்த நேரத்துல கை குடுத்தது டாக்டர் எழுதிக் குடுத்த லோபரமைடுங்கற பேதி மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல், அப்புறம் ஜவ்வரிசிக் கஞ்சி. நம்ம சேலம் ஜவ்வரிசில நார்ச்சத்து ஒண்ணுமே இல்லைன்னு எல்லாரும் கொறை சொல்லுவாங்க, பேதி நேரத்துல அதுதான் அதோட பெருமையே. அண்ணா, உங்கப்பாவுக்குக் களி, எங்கம்மாவுக்கு அப்ப களி குடுத்திருந்தா ஆளு காலி.

வார்டு அக்கா:

நாகலூர் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம், வெள்ளையணு கொறஞ்சிருக்கறப்ப அதோட இன்னொண்ணும் சேத்துக்கங்க. கீமோவுல வெள்ளையணு கவுண்ட் எறங்கற நாளுல குடல் சுவரும் புண்ணாகி மெலிசாயிருக்கும், நெஞ்சுல மருந்து ஏத்தற போர்ட் வேற இருக்கும், அப்ப உயிருள்ள பாக்டீரியா கேப்சூலு, பச்சைக் காய்கறி, வெளில வாங்கின மோரு, ரோட்டுல விக்கற தட்டுவடை செட்டு எதுவும் வேண்டாம்னுதான் நாங்க சொல்லுவோம். நல்ல பாக்டீரியாவா இருந்தாலும் ரத்தத்துல போய் சேந்துட்டா அது நல்லது இல்ல. அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. பழைய சோறு குடல் புண்ணுக்கு நல்லதான்னு சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரில ஆராய்ச்சி எடுத்துப் பண்ணியிருக்காங்க, எனக்கும் நீச்சுத்தண்ணி புடிக்கும், ஆனா அது கவுண்ட் எறங்கின நாளுக்கான சாப்பாடு இல்லைங்க. சூடா வடிச்சு சூடா சாப்பிடறதுதான்.

அம்மாபேட்டைத் தம்பி, உங்கப்பா எடுக்கறது இம்யூனோ, அங்க பேதி வந்தா நீங்க ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு ஒக்காந்துறக் கூடாது. பிரேக் எடுத்த டி செல்லு சொந்தக் குடலையே தாக்கி வீங்க வைக்கும், ரத்தமும் சளியுமா போகும், அதுக்கு ஸ்டீராய்டு குடுக்கணும், நாளத் தள்ளுனா குடல் ஓட்டையாகற அளவுக்குப் போகும். ஸ்டீராய்டுக்கும் அடங்காத ரெண்டு பேருக்கு அமெரிக்காவுல ஆரோக்கியமான ஆளோட மலத்த உள்ள செலுத்திக் குணப்படுத்தியிருக்காங்க, 2018ல. மொகத்த சுளிக்காதீங்க, பல வார்டு பாத்த எனக்கே இது மருத்துவம்தான்னு ஏத்துக்க கொஞ்ச நாளாச்சு.

கொண்டலாம்பட்டி மெடிக்கல்காரர்:

ஆன்டிபயாட்டிக் பத்தி ஒரு வார்த்தை. காய்ச்சல், தொண்டை வலி, ரெண்டு நேரத்துக்கு மாத்திரை குடுங்கன்னு வர்றவங்கதான் சாயங்காலம் பூரா. நிறைய ஆன்டிபயாட்டிக் 2014ல எச்1ங்கற கண்டிப்பான மருந்து அட்டவணையில வந்துச்சு, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது, நான் குடுக்கலன்னா எதுத்த கடைக்குப் போறாங்க. வீட்டுல கேன்சர்காரங்க இருக்காங்களான்னு கேட்டா கோவம் வேற வருது. ஆனா இத படிச்சுட்டு யாரும் டாக்டர் எழுதின ஆன்டிபயாட்டிக்க குப்பையில போட்டுறாதீங்க சாமி, கவுண்ட் கொறஞ்சு காய்ச்சல் வந்தா அந்த ஊசிதான் உயிரு, குடல் பாக்டீரியாவ அப்புறம் பாத்துக்கலாம்.

அம்மாபேட்டைக்காரன்:

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. போன வாரம் அத்தை ஒருத்தங்க அப்பாவோட இருமலுக்கு அசித்ரோமைசின் அட்டைய நீட்டினாங்க, போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்னேன், கேட்டதுல மாத்திரை வேண்டாம் எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கன்னாங்க. நாகலூர் தம்பி, அம்மாவுக்கு இப்ப கீமோ இடைவெளியா, சாமை குடுக்கறீங்களா?

நாகலூர் காப்பித்தோட்டம்:

இடைவெளிதான் அண்ணா. ஆனா ஆபரேஷன் பண்ண எடத்துல கொஞ்சம் சுருங்கியிருக்குன்னு சொல்லியிருக்காங்க, அதனால நார்ச்சத்து கொஞ்சம் கொஞ்சமா, நல்லா கொழைய வேக வச்சு. சாமை குடுக்கறேன், எங்க பக்கம் மலைக்காரங்க போடறதுதான், தீட்டாத சாமையா கேட்டு வாங்கறேன். பாகக்காயும் கேட்டாங்க, அது மட்டும் அடுத்த ரிவியூ வரைக்கும் இல்லன்னுட்டேன், இன்னும் மொறச்சுட்டிருக்காங்க.