.22 ரைபிள் 50 மீட்டரில் இரண்டு கொத்தாக அடிக்கிறது, 200 வெள்ளிக்குள் சரிசெய்ய முடியுமா?

செராஸ்காரன்:
வணக்கம். கிளப் ஆயுத அறையில் இருக்கும் என் பழைய .22 போல்ட் ரைபிள் (போல்ட் என்ற தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது), மரக்கட்டை, மேலே ஒரு சாதாரண ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி. போன வருடம் மணல்மூட்டையில் வைத்துப் பத்து சுட்டால், எல்லா ஓட்டையையும் ஒரு இருபது காசு நாணயத்தால் மூடிவிடலாம். இப்போது ஐந்து ஓரிடம், மீதி ஐந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி. மழை பிடித்ததிலிருந்துதான் இந்தக் கூத்து. புது ஸ்கோப் வாங்கலாமா? வீட்டில் ஏற்கெனவே முறைக்கிறார்கள்.

ஈப்போ_ரோடு:
குழலைப் பளபளவென்று துடைத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

கெப்போங்_அண்ணன்:
அவசரப்பட்டுத் துடைக்காதே தம்பி. .22-இல் தோட்டாவின் மெழுகு குழலுக்குள் மெல்லப் படிந்தால்தான் அடி நிலைக்கும். நன்றாகத் துடைத்த குழலில் முதல் பத்துப் பதினைந்து எங்கெங்கோ போகும். அப்புறம் நோய் எது, மருந்து எது என்று தெரியாமல் போய்விடும்.

சிதறி விழுந்தால் தோட்டா, கை, காற்று என்று பலதைச் சொல்லலாம். இரண்டு கொத்து என்றால் ஏதோ ஒன்று இரண்டு இடத்தில் மாறி மாறி உட்காருகிறது. முதலில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங் திருகுகளைப் பார். எனக்கென்னவோ மரத்தின் மேல்தான் சந்தேகம். ஏர்கான் அறையில் காயும், ரேஞ்சின் ஈரத்தில் ஊதும். காய்ந்தால் ரைபிளைக் கட்டையோடு பிடித்திருக்கும் கட்டைத் திருகு தளரும், ஊதினால் மரம் குழலைத் தொடும்.

போல்ட்டைக் கழற்று, தோட்டா உட்காரும் அறை காலி என்று இன்னொருவரையும் பார்க்கச் சொல். பிறகு ஒரு ரசீதுத் தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு, நுனியிலிருந்து பின்னால் இழு. எங்கே சிக்குகிறது என்று சொல்.

பினாங்குப்_பொண்ணு:
அண்ணா, தோட்டாவையும் மாற்றினீர்களா? ஹை வெலாசிட்டி பெட்டி என்றால் ஒதுக்கி வையுங்கள். அது ஒலியை விட வேகமாகக் கிளம்பி, போகும் வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது தடுமாறும். 40 கிரெய்ன் (அது குண்டின் எடை) ஸ்டாண்டர்டு வெலாசிட்டி வினாடிக்குச் சுமார் 330 மீட்டர், நம் ஊர் வெயிலில் ஒலிக்கு ஏறக்குறைய 350, அதனால் அந்தத் தொல்லை இல்லை. போட்டித் தாளில் பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர்தான், இந்தச் சின்னத் தடுமாற்றம்கூட அதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, ரைபிளைத் தொடாமல் ஸ்கோப்பில் கண்ணை மட்டும் மேலும் கீழும் அசையுங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்ந்தால் பாரலாக்ஸ். கன்னத்தை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வைத்தால் போதும், காசு செலவில்லை.

செராஸ்காரன்:
அண்ணே, தாள் பாதி தூரம் வந்து இடதுபக்கம் சிக்கியது! முன் கட்டைத் திருகோ கையாலேயே கால் சுற்று சுற்றியது. ஸ்கோப் திருகுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. தோட்டா பழைய லாட்தான் (அதே தயாரிப்புத் தொகுதி) தங்கச்சி. நானே உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கலாமா?

கெப்போங்_அண்ணன்:
தொடாதே. மரத்தில் கை வைப்பது ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர் வேலை. கட்டைத் திருகுகளை மட்டும், கையேட்டில் உள்ள அளவுக்கு, டார்க் டிரைவரால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) முடுக்கு. டிரைவர் வாங்க வேண்டாம், கிளப்பில் இரவல் கேள்.

செராஸ்காரன்:
இன்று காலை சுட்டுப் பார்த்தேன். ஆர்மரர் அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்து, ஈரம் ஏறாமலிருக்க எண்ணெயும் பூசிக் கொடுத்தார். கூலி 60 வெள்ளி. ஒரே கொத்து, பத்தில் ஒன்பது ஓட்டை அந்த நாணயத்துக்குள், ஒன்று வெளியே. அந்த ஒன்று என் கை. மிச்சம் 140-க்கு அதே தோட்டாவை வாங்கிவிடட்டுமா?

கெப்போங்_அண்ணன்:
அதே லாட் எண் இருந்தால் வாங்கு. இல்லையென்றால் ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்கு.