மூன்று தோப்புக்கும் ஒரே தொட்டி: முக்கோணத்தில் எந்தப் புள்ளி?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எங்கள் தென்னந்தோப்பு மூன்று துண்டாகக் கிடக்கிறது, ஒன்றுக்கொன்று தூரம் 300, 400, 500 மீட்டர். நடுவில் ஒரு தொட்டி கட்டி மூன்றுக்கும் பிவிசி குழாய் இழுக்க வேண்டும், இடையில் இருப்பதும் சொந்தக்காரர்கள் நிலம்தான், விடுவார்கள். குழாய் நீளம் குறைய வேண்டும், அவ்வளவுதான். அக்கா மகள் சுற்றுவட்ட மையம் (மூன்று முனைக்கும் ஒரே தூரம்) என்கிறாள், மச்சான் நடுக்கோட்டு மையம் (முனையையும் எதிர்ப்பக்க நடுவையும் சேர்க்கும் கோடுகள் வெட்டும் இடம்) என்கிறார். யார் சொல்வது சரி?

சித்தூர் டீச்சர்:
ரெண்டுமே இல்லை. உங்களுடையது செங்கோண முக்கோணம், அதனால் சுற்றுவட்ட மையம் 500 மீட்டர் பக்கத்தின் நடுவிலேயே விழும், குழாய் மொத்தம் 750. செங்கோட்டு மையம் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இறக்கும் செங்குத்துகள் வெட்டும் இடம்) செங்கோண முனைதான், 700. நடுக்கோட்டு மையத்தில் 692, உள்வட்ட மையத்தில் (மூன்று பக்கத்துக்கும் ஒரே தூரம்) 681. உங்களுக்கு வேண்டியது ஃபெர்மா புள்ளி, அதாவது மூன்று முனைக்கும் மொத்தத் தூரம் மிகக் குறையும் இடம், 677. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 17ஆம் நூற்றாண்டில் டாரிசெல்லியிடம் கேட்ட கேள்வியே இதுதான் (பாதரசக் குழாயில் காற்றழுத்தம் காட்டினாரே, அவரேதான்). இரண்டு பக்கங்களில் வெளிப்புறமாகச் சமபக்க முக்கோணம் வரைந்து, அதன் புதிய முனையை எதிர் முனையோடு சேருங்கள், இரண்டு கோடும் வெட்டும் இடம் அது. அங்கே நின்று பார்த்தால் எந்த இரண்டு தோப்புக்கும் இடையில் 120 பாகை இருக்கும், போனில் உள்ள திசைகாட்டியே போதும். ஆனால் ஏதாவது ஒரு முனையில் கோணம் 120 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த வரைதல் உதவாது, அந்த முனையிலேயே தொட்டி கட்ட வேண்டியதுதான்.

வேலந்தாவளம் பிளம்பர்:
டீச்சர் கணக்கு சரி, ஆனால் அந்தப் புள்ளியிலிருந்து குழாய்கள் ஏறத்தாழ 102, 235, 339 மீட்டர் வரும். ஒரே அளவுக் குழாய் போட்டால் கடைசித் தோப்பில் தண்ணீர் சொட்டும், பக்கத்துத் தோப்பில் பீய்ச்சும். அந்தப் பொண்ணு சொன்ன இடத்தில் மூன்றும் 250, கூடுதலாக 73 மீட்டர் குழாய்தான் செலவு. நான் என்றால் அதைத்தான் போடுவேன். அப்புறம், கிணறு எங்கே இருக்கிறது என்று யாருமே கேட்கவில்லையே?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கிணறு 500 மீட்டர் பக்கத்துக்கு அந்தப் புறம், செங்கோண முனைக்கு நேர் எதிரே அண்ணா.

சித்தூர் டீச்சர்:
அட, கிணற்றிலிருந்து தொட்டிக்கும் குழாய் வேண்டுமே, அப்போது இது நாற்கோணம்! நான்கு முனையும் வெளியே துருத்தி நின்றால் ஒரே தொட்டிக்குச் சிறந்த இடம் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி, ஃபெர்மா புள்ளி இல்லை. கிணற்றின் தூரங்களையும் அளந்து போடுங்கள்.