தலைக்கு மேல் தூக்க இயலாத தோளுக்கு லேண்ட்மைன்: எங்கள் அனுபவங்கள்

பார்பெல்லை (எடைகளை மாட்டித் தூக்கும் நீளமான இரும்புக் கம்பியை) தலைக்கு நேர் மேலே தூக்கும்போதெல்லாம் வலது தோளின் முன்பக்கத்தில் சுருக்கென்று வலி வந்துகொண்டிருந்ததால், ஓராண்டுக்கு முன்பு அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு வீட்டிலேயே ஒரு லேண்ட்மைன் வாங்கிப் பொருத்தினேன். (பெயரைக் கேட்ட என் தாயார், "கண்ணிவெடியையா வீட்டுக்குள் கொண்டுவந்தாய்?" என்று பதறினார், எல்லாத் திசையிலும் அசையும் ஒரு குழாய்த் துண்டுதான் என்று காட்டிய பிறகே சமாதானமானார்.) பார்பெல்லின் ஒரு முனையை அந்தக் குழாயில் செருகி, மறுமுனையில் பிளேட்டுகளை (நடுவில் துளையுள்ள வட்ட எடைகளை) மாட்டித் தூக்க வேண்டும்.

வாடகை வீட்டில் தரையைத் துளையிட முடியாது என்பதால், பிளேட்டின் நடுத்துளையில் நிற்கும் வகையை வாங்கினேன். முதல் நாளே, அடியில் வைத்த ஒற்றை 20 கிலோ பிளேட் டைல்ஸில் வழுக்கிச் சென்று சுவரில் முட்டியது. இரண்டு பிளேட்டுகளை அடுக்கி, கீழே ரப்பர் விரிப்புப் போட்ட பின்புதான் அது அசையாமல் நின்றது.

எடைக் கணக்கில்தான் நான் வெகுநாள் குழம்பினேன். 20 கிலோ பார்பெல்லின் ஒரு முனை தரையில் ஊன்றியிருப்பதால், மறுமுனையைப் பிடிக்கும் கைக்கு ஏறத்தாழ 10 கிலோதான் வந்து சேர்கிறது. ஆனால் பிளேட்டுகள் கைக்கு அருகில் இருப்பதால் அவற்றின் எடை அப்படிப் பாதியாகிவிடுவதில்லை. ஒரு மனைப்பலகையின் மேல் எடை மெஷினை வைத்து, 10 கிலோ பிளேட் மாட்டிய முனையை அதில் கிடத்திப் பார்த்தபோது, முள் 18 கிலோவைச் சற்றுத் தாண்டி நின்றது. தம்பட்டம் அடிப்பதற்கு உதவாத எண்தான்.

தோள் வலிக்குத் தீர்வு கிடைத்தது, நிற்கும் முறையை மாற்றியபோது. பார்பெல்லின் முனை நேராக மேலே போவதில்லை. வளைவாக ஏறி, ஏற ஏற நம்மை விட்டு முன்னே விலகுகிறது. விறைப்பாக நின்று தள்ளிய நாட்களில், கை முன்னே இழுபட்டு இடுப்பு பின்பக்கம் வளைந்தது. பிறகு, வலது முழங்காலைத் தரையில் ஊன்றி, இடது காலை முன்னே மடித்து வைத்து, உடம்பையும் சற்று முன்சாய்த்து வலக்கையால் தள்ளத் தொடங்கினேன். கை காதுக்கு முன்னாலேயே முடிந்துவிடுவதால், வலி தொடங்கும் அந்தக் கோணத்திற்கு என் தோள் போவதே இல்லை. நெடுநாள் வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

•

மேலே எழுதிய நண்பரைப் போல நான் எதையும் வாங்கவில்லை. பழைய துண்டைச் சுற்றி, பார்பெல் முனையை அறையின் மூலையில் முட்டுக்கொடுத்தேன். மூன்றே வாரத்தில் சுவரின் பூச்சு உதிர்ந்து, வீட்டு உரிமையாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னர் வாங்கிய லேண்ட்மைனின் குழாய் 50 மில்லிமீட்டர் முனைக்கானது. என்னுடையதோ 28 மில்லிமீட்டர் ராடு. குழாய்க்குள் ராடு ஆடுவதைக் குறைக்க, அதன் முனையில் பிவிசி குழாய்த் துண்டைப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். முதுகுக்காக, பார்பெல்லைக் கால்களுக்கு நடுவே வைத்துக் குனிந்து இழுப்பவர்கள், ஒரே 20 கிலோ பிளேட்டுக்குப் பதிலாக 5 கிலோ பிளேட்டுகள் நான்கை மாட்டுங்கள். பெரிய பிளேட் நெஞ்சில் இடித்து, இழுப்பைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.