குற்றம், வழக்கு, நீதி: உங்களை விடாமல் பிடித்த புத்தகம் எது?

வெள்ளவத்தை வாசகி

கொலை, களவு, வழக்கு, சிறை பற்றிய புத்தகங்களை ஆர்வமாக வாசிக்கிற எங்கட ஆக்கள் கொழும்பில் நிறையப் பேர். ஆனால் அதை வெளியில் சொல்லத் தயங்குவார்கள், ஏதோ தரம் குறைந்த வாசிப்பு மாதிரி. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. துப்பறியும் நாவல், உண்மை வழக்கு, குற்றவியல் ஆய்வு, எதுவானாலும் எழுதுங்கள். கதைச்சுருக்கம் தேவையில்லை. அந்தப் புத்தகம் உங்களை எங்கே நிறுத்தியது என்பதைச் சொல்லுங்கள்.

என்னை நிறுத்தியது சதாசிவம் வழக்கு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது முதலில் கிரிக்கெட்தான் வரும். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் அடித்தவர், இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதைச் சொல்வார்கள். 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, பம்பலப்பிட்டி சென். அல்பன்ஸ் பிளேஸ் வீட்டில் அவருடைய மனைவி கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். உடல் இருந்தது கராஜில், பக்கத்தில் ஒரு மர உரல். வேலைக்குச் சேர்ந்து இரண்டு கிழமைகூட ஆகாத வில்லியம் என்ற பெடியன் நகைகளோடு மறைந்துவிட்டான். பிடிபட்ட பிறகு, கொன்றது எசமான்தான், தான் உதவி மட்டும் செய்ததாகச் சொல்லி, மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானான். விசாரணை 57 நாட்கள் நடந்தது. சதாசிவத்துக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1953 ஜூனில் யூரிமார் சதாசிவத்தைக் குற்றவாளி அல்ல என்றார்கள்.

இவ்வளவும் கொழும்பில் வயதான யாரைக் கேட்டாலும் கிடைக்கும். மருதானையில் பழைய புத்தகம் விற்கிற ஒரு கடையில் 'மோஸ்ட்லி மர்டர்' கையில் கிடைத்தபோதுதான் வழக்கு என்றால் என்ன என்பதே எனக்கு விளங்கத் தொடங்கியது. எழுதியவர் சிட்னி ஸ்மித், எடின்பரோவில் சட்ட வைத்தியப் பேராசிரியராக இருந்தவர். 1959இல் வந்த நினைவுக் குறிப்பு நூல். எதிர்த்தரப்புக்காக, அதாவது சதாசிவம் பக்கத்தில், இந்த வழக்கில் சாட்சி சொன்னவரும் அவரே. அரச தரப்பில் இருந்தவர் எங்கள் நாட்டின் முதல் சட்ட வைத்தியப் பேராசிரியர் ஜி.எஸ்.டபிள்யூ. டி சேரம்.

நான் திரும்பத் திரும்ப வாசித்தது இறந்தவரின் பாதங்களைப் பற்றிய பகுதியை. உள்ளங்கால்களில் அழுக்குப் படிந்திருந்தது. கொலை மாடியில் படுக்கையறையில் நடந்தது என்று வில்லியம் சொன்னான். அப்படியானால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? அவர் வெறுங்காலோடு கடைசியாக நின்ற இடம் சமையலறைத் தரை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மாடி என்றால் ஒரு கொலையாளி, சமையலறை என்றால் இன்னொருவர். ஒரு பெண்ணின் உள்ளங்கால் அழுக்கை வைத்து ஒருவருடைய உயிர் முடிவாகிறது.

மற்றது நேரம். சதாசிவம் முற்பகல் பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வெளியே போய்விட்டார். அதற்கு முன்னா பின்னா மரணம் என்பதே கேள்வி. உடல் குளிருகிற வேகத்துக்கு அன்றிருந்த கணக்குகள் குளிர்நாடுகளில் போட்டவை. கொழும்பு வெக்கையில் உடல் அப்படிக் குளிராது. டி சேரம் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்வெப்பத்தை அளந்து வெப்பநாட்டுக்கான கணக்கை உருவாக்கினார். அந்த ஆய்வு 1955இல் வெளிவந்தது, கதிர்காமத்தம்பி என்ற பெயரும் அதில் சேர்ந்திருக்கிறது. இன்னொரு நூலைத் தேடுகிறவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகச் சட்ட வைத்தியப் பேராசிரியராக இருந்த ரவீந்திர பெர்னாண்டோ இந்த வழக்கைப் பற்றி முழுப் புத்தகமாக எழுதியதை வாசியுங்கள். சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

ஆனால் இந்த வழக்கை யார் சொன்னாலும், கதை ஆட்டக்காரரில் தொடங்கி ஆட்டக்காரரில் முடிகிறது. அல்லது இரண்டு பேராசிரியர்களின் மோதலாகிறது. விவாகரத்துக்கு மனுப்போட்டு, நாலு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தன் வாழ்க்கையைத் திருத்தி எழுதப் பார்த்த ஒரு தமிழ்ப் பெண் அந்த வீட்டில் இருந்தார். அவர் எப்படிப்பட்டவர், என்ன நினைத்தார், யாரிடம் மனம்விட்டுக் கதைத்தார் என்பதை நான் வாசித்த பக்கங்களில் தேடிக்கொண்டே இருந்தேன். வெப்பமானியும் பாதமும் கழுத்துத் தழும்பும் இருக்கின்றன. அவர் இல்லை. தமிழில் யாராவது இந்த வழக்கை எழுதினால் அவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.

கொட்டாஞ்சேனை தம்பி

அக்கா, உண்மை வழக்குகள் சரி, கதைப் புத்தகத்தையும் கொஞ்சம் மதியுங்கோ. ஊரடங்குக் காலத்தில் வெளியில போக வழியில்லை. தொலைக்காட்சியைப் போட்டால் பயம்தான் கூடும். எங்களைக் காப்பாற்றினது புறக்கோட்டையில வாங்கி அடுக்கின மாத நாவல்கள். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர். வீட்டுக்கு வீடு கை மாறி, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல் வரும். கடைசிப் பக்கம் இல்லாத நாவலுக்கு நாங்களே குற்றவாளியைக் கண்டுபிடிப்பம், அதுக்கு ஒரு சண்டையும் நடக்கும்.

சுஜாதாவின் கணேஷ் ஆள் வக்கீல். 'நைலான் கயிறு' 1968இல் குமுதத்தில் வந்தது, அதில்தான் அவர் முதலில வாறார். பொலிஸ் ஒருத்தனைப் பிடிச்சிட்டால் கதை முடிஞ்சுது என்று நம்பியிருந்த எனக்கு, பிடிபட்டவன் பக்கத்திலயும் ஒராள் நிக்க வேணும் என்று சொல்லித் தந்தது கணேஷ்தான். பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் அதைச் சொல்லித் தரேல்ல.

புதுக்கடைச் சட்டத்தரணி

வணக்கம் அக்கா. பிடிபட்டவன் பக்கத்திலும் ஒராள் நிற்க வேண்டும் என்று தம்பி சொன்னதிலேயே என் வேலை முழுவதும் அடங்கிவிட்டது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர் சட்டப் புத்தகங்களுக்கு முன்பே கையில் தந்தது ஏ.சி. அலஸ் எழுதிய புகழ்பெற்ற குற்ற வழக்குகள் தொகுதிகள். அலஸ் அரச தரப்பில் வழக்கு நடத்தியவர், பிறகு உயர் நீதிமன்ற நீதியரசராகவும் இருந்தவர். நடந்ததை உள்ளிருந்து பார்த்தவர். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நான் விரிவுரையில் கற்கவில்லை, அந்தப் பக்கங்களில் கற்றேன். குற்றவியல் படிக்கிற மாணவர்கள் அவற்றோடு ஜோன் ரொஜர்ஸின் நூலையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிரித்தானியர் காலத்து இலங்கையில் மாட்டுக் களவு முதல் கலவரம் வரை ஆராய்ந்திருக்கிறார், 1987இல் வந்தது. மக்கள் நீதிமன்றத்தை எப்படித் தங்கள் சண்டைகளுக்கே ஒரு களமாக ஆக்கிக்கொண்டார்கள் என்பதை அதில் காணலாம். புதுக்கடை நீதிமன்றங்களில் இன்றும் அதைக் காண்கிறேன்.

ஆனால் என்னை விடாமல் பிடித்தது புத்தகம் அல்ல, ஒரு வழக்கின் ஆவணங்கள். 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி பொலிஸ் அதிகாரிக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. அடித்து வாங்குவார்கள் என்று அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் பதிவு செய்தால் போதும், வாக்குமூலம் சான்றாகும். அது சுயமாகக் கொடுக்கப்பட்டதல்ல என்று காட்டும் பாரம் எதிரியின் தலையில்.

சிங்கராசா வழக்கில் அந்தப் பாரத்தைப் பார்த்தேன். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தது, 50 ஆண்டு. மேன்முறையீட்டில் 35 ஆனது. ஆதாரம் ஒப்புதல் வாக்குமூலம். தனக்கு விளங்காத சிங்களத்தில் எழுதிய தாளில் பெருவிரல் அடையாளம் வைக்கச் செய்யப்பட்டதாக அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். குழு 2004இல் அவருடைய உரிமைகள் மீறப்பட்டதாகச் சொன்னது. குழுவின் முடிவை வைத்துத் தண்டனையை மீளாய்வு செய்யக் கேட்ட அவருடைய விண்ணப்பத்தை 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் நிராகரித்தது. இரண்டு தீர்மானங்களையும் ஒரே இரவில் அடுத்தடுத்து வாசித்தேன். சட்டம் படித்த ஒருவர் எதை நம்பித் தொழில் செய்கிறார் என்ற கேள்வி அதன் பிறகு எனக்குத் தீரவில்லை. இதைத் தமிழில், சட்டம் படிக்காதவருக்கும் விளங்கும்படி எழுதிய ஒரு நூல் என் கண்ணில் படவில்லை.

பெயர் வேண்டாம், தெகிவளை

நான் இப்பிடி எழுதுறது வழக்கமில்லை. சட்டத்தரணி எழுதினதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியேல்ல.

என்ர அண்ணா யுத்தம் முடிஞ்ச கையோட அந்தச் சட்டத்தில் பிடிபட்டு விளக்கமறியலில் இருந்தவர். வழக்குத் தவணை தவணையாய்ப் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவும் நானும் பார்க்கப் போகேக்க சாப்பாட்டோட புத்தகமும் கொண்டுபோவம். வாசலில் ஒவ்வொரு தாளாய்ப் பிரட்டி, உதறிப் பார்ப்பினம். சில நாள் உள்ள விடுவினம், சில நாள் திருப்பித் தருவினம். ஏன் என்று கேட்க ஏலாது. அப்பிடி உள்ள போன ஒன்று 'குற்றமும் தண்டனையும்', எம்.ஏ. சுசீலா தமிழில் தந்தது. அவ்வளவு மொத்தமான புத்தகத்தை விட்டது எங்களுக்கே ஆச்சரியம்.

கொலை செய்த ரஸ்கோல்னிகோவ்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அண்ணாவுக்கு ஞாபகம் இருந்தது மிகோல்கா. வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்த கிராமத்துப் பெடியன். கொலைகாரன் தவறவிட்ட தோடுகள் அவன்ர கையில கிடைக்குது, அதை அடகு வைக்கப் போய் மாட்டுப்படுறான். பிறகு ஒருநாள் விசாரணை அதிகாரிக்கு முன்னால வந்து, தான்தான் கொன்றது என்று ஒத்துக்கொள்ளுறான். அவன் செய்யவே இல்லை. ஆனால் அந்த அதிகாரி பொர்ஃபீரி அதை நம்பவில்லை. கையில வந்து விழுந்த ஒப்புதலை வைச்சு வழக்கை முடிச்சிருக்கலாம். முடிக்கேல்ல. இவன் சொல்லுறதுக்கும் நடந்ததுக்கும் பொருந்தேல்ல என்று தேடிக்கொண்டே போறார்.

அண்ணா கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று அந்த இடத்தைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. சத்தமெல்லாம் போட்டுத்தான் கதைக்க வேணும், நாலு பக்கமும் ஆக்கள். "தம்பி, ஒத்துக்கொண்டவனையும் நம்பாத ஒரு பொலிஸ்காரன்ரா" என்றார். "அந்தாளை ஒருக்காப் பார்க்க வேணும் போல கிடக்கு." பிறகு அம்மாவிட்டத் திரும்பி மருந்து குடிச்சனீங்களோ என்று கேட்டார்.

எழுதின தஸ்தயெவ்ஸ்கியும் 1849இல் மரண தண்டனைக்குக் கொண்டுபோய் நிறுத்தப்பட்டு, கடைசி நேரத்தில் உயிர் தப்பி, சைபீரியச் சிறையில் நாலு வருசம் இருந்தவர் என்று முன்னுரையிலயோ எங்கயோ வாசிச்சிட்டு, "அதுதான் தெரிஞ்சு எழுதியிருக்கிறார்" என்றும் சொன்னவர். அண்ணா இப்ப வெளியில. அந்தப் புத்தகம் அங்கயே நிண்டிட்டுது. வேற ஆக்கள் வாசிக்கிறதுக்கு விட்டிட்டு வந்திருக்கிறார்.

வெள்ளவத்தை வாசகி

தெகிவளைத் தம்பிக்கு: எழுதியதற்கு நன்றி. அண்ணாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மிகோல்காவை நான் கடந்துபோயிருந்தேன். இன்றிரவு அந்த அத்தியாயத்தை மறுபடி எடுக்கிறேன்.

எனக்கு இப்போது ஒன்று கேட்க வேண்டும். சதாசிவம் வழக்கு, பண்டாரநாயக்க கொலை வழக்கு, சிங்கராசா வழக்கு, எல்லாம் நடந்தது இந்த நகரத்தில். சாட்சிக் கூண்டில் ஏறியவர்களில், கூண்டில் நின்றவர்களில், இறந்தவர்களில் எங்கள் ஆக்கள் உண்டு. வாசிக்க வேண்டுமென்றால் ஆங்கிலம் தேவை. தமிழில் எங்களுக்குக் கிடைப்பது பத்திரிகைத் தலைப்பும், பழைய ஆக்கள் சொல்லும் அரைக் கதையும். ஒரு வழக்கை எடுத்து, சாட்சியத்தை வரிசைப்படுத்தி, சட்டம் எங்கே வளைந்தது, எங்கே நிமிர்ந்தது என்று காட்டி, இறந்தவரையும் மனிசராக வைத்து ஒரு இருநூறு பக்கம். கேட்பது அவ்வளவுதான். சட்டத்தரணி ஆவணங்களைப் பார்த்துத் தருவாரென்றால் எழுதுகிற வேலைக்கு நான் தயார். முதலில் எந்த வழக்கு என்று சொல்லுங்கள். அலஸின் தொகுதிகள் யாரிடமாவது இருந்தால் இரவலாகத் தாருங்கள். பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனை தம்பி

தட்டச்சு என்ர பொறுப்பு. என்ர வாக்கு சதாசிவம் வழக்குக்கு. அக்கா சொன்ன மாதிரி அந்தம்மாவில இருந்து தொடங்கவேணும்.

புதுக்கடைச் சட்டத்தரணி

நானும் அதற்கே. அந்த வழக்கின் சாட்சியங்கள் பொதுவெளியில் இருக்கின்றன, சம்பந்தப்பட்டவர்களும் பெரும்பாலும் காலமாகிவிட்டார்கள். ஆனால் பிள்ளைகளின் குடும்பங்கள் இருக்கும், அவர்கள் பெயரை இழுக்காமல் எழுத வேண்டும். சிங்கராசா வழக்கை அவசரப்பட்டுத் தொடக்கூடாது, அதற்கு ஆவணங்கள் இன்னும் சேர்க்க வேண்டும்.

அலஸின் தொகுதிகளில் இரண்டு என்னிடம் உண்டு. வியாழன் பின்னேரம் வெள்ளவத்தைப் பக்கம் வருவேன், தமிழ்ச் சங்க நூலகத்தில் சந்திக்கலாம் அக்கா. ஒன்றுக்கு அட்டை கழன்றுவிட்டது, நூலால் கட்டித்தான் கொண்டுவருவேன். ஓரங்களில் சீனியர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருக்கின்றன, அவற்றையும் வாசியுங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள்.